தொட்டுக்கொள்ளவும் காசு கேட்ட ரொட்டி

பரோட்டா ரொட்டி வகையைச் சேர்ந்ததா, இல்லையா? 2020-இல் இந்தக் கேள்வி கர்நாடகத்தின் ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையத்தின் முன் வந்து நின்றது. இட்லி, தோசை மாவைப் பாக்கெட்டில் விற்றுப் பெயர் வாங்கிய பெங்களூரு நிறுவனமான ஐடி ஃபிரெஷ் ஃபுட், தன் பாக்கெட் பரோட்டாவுக்கு என்ன வரி என்று கேட்டிருந்தது. ரொட்டியை அப்படியே சாப்பிடலாம், பாக்கெட் பரோட்டாவை மறுபடி கல்லில் போட்டுச் சூடாக்க வேண்டும், ஆகவே அது ரொட்டியல்ல, 18 சதவீதம் கட்டு என்றது ஆணையம். அப்போது அதே வரிப் பட்டியலில் ‘பீட்சா பிரெட்’ 5 சதவீத வரிசையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. அதையும் அடுப்பில் வைக்காமல் யாரும் தின்பதில்லை என்பதை யார் கேட்பது? 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் வரி இல்லை. ஐந்தாண்டு வேடிக்கை அத்தோடு முடிந்தது.

வரியில் இரண்டும் சமமாகிவிட்டன. ஆனால் கள்ளக்குறிச்சி போன்ற ஊரில் மாலையில் பசியோடு பேருந்தைவிட்டு இறங்குகிறவர் போடும் கணக்கு வேறு. கையில் இருக்கும் பணத்துக்கு வயிறு நிறையுமா, தொட்டுக்கொள்ள என்ன தருவார்கள், மறுமுறை கேட்டால் ஊற்றுவார்களா? வட்டமான மாவுப் பண்டங்கள் இந்த வட்டாரத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்த வரலாறே இந்தக் கணக்கின் வரலாறுதான்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே நெல்லும் கரும்பும் விளையும் சமவெளி. சின்னசேலம் பக்கம் மக்காச்சோளம். மேற்கே எழுவது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டான கல்வராயன் மலை. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதிகளாகச் சொல்வார்கள். ‘மலையாளி’ என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் ஊர்கள் இவை. ஜாகிர்தார்கள் பிடியிலிருந்த இந்த மலை 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. சாலையும் கடையும் அதற்குப் பிறகே மெல்ல ஏறின. காசு கொடுத்து ஒரு பண்டத்தை வாங்கித் தின்பது மலையில் அவ்வளவு பழைய பழக்கமல்ல.

அங்கே விளைந்தது சாமையும் கேழ்வரகும் தினையும். சாமைக்கு விலை காசில் இல்லை, கையில் இருந்தது. அரிசியைவிடச் சின்னஞ்சிறு மணி, ஒட்டிக்கொண்ட உமி. உரலில் இட்டு இடித்து, புடைத்து, மறுபடி இடித்து ஒரு வேளைச் சோற்றுக்குத் தேறும்படி செய்ய ஒரு பெண்ணின் பொழுதில் பெரும்பங்கு போய்விடும். கேழ்வரகு அவ்வளவு படுத்தாது. அரைத்த மாவைக் கொதிக்கும் நீரில் கிளறி உருட்டினால் களி. உருண்டையின் அளவைப் பார்த்துத்தான் ‘ஒன்று போதும்’, ‘இரண்டு வேண்டும்’ என்பார்கள். பக்கத்தில் ஊற்றும் கீரைக்குழம்பையோ புளிக்குழம்பையோ எவரும் அளந்ததில்லை. மாவுக்குத்தான் அளவு, தொட்டுக்கொள்வதற்குக் கிடையாது. இந்தப் பழைய நியாயத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் பீட்சா வந்து தடுக்கி விழுவது இதன்மேல்தான்.

சாமைக் கொல்லைகளின் இடத்தை மெல்லப் பிடித்துக்கொண்டது மரவள்ளி. குச்சிக்கிழங்கு என்றும் சொல்வார்கள். தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த கிழங்கு, கேரளத்தில் பஞ்சம் போக்கும் உணவாக வேரூன்றியது. சேலம் வட்டாரத்தில் அதைச் சோறாக்காமல் சரக்காக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் மலாயாவும் ஜாவாவும் ஜப்பான் வசமானதும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் நின்றுபோயின. அந்த நெருக்கடியில் 1943-இல் சேலம் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவின் அனுபவத்தைக் கொண்டு மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். பிறகு ஆலைகள் பெருகின. உற்பத்தியாளர்களுக்கென்று 1981-இல் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் வந்தது. சேலம் ஜவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. கல்வராயன் மலைக் கிழங்குக்கும் இந்த ஆலைகளே சந்தை. ஆலைவாசலில் கிழங்கின் எடையோடு, அதில் எத்தனை ‘பாயிண்ட்’ மாவு இருக்கிறது என்று பார்த்துத்தான் விலை சொல்வார்கள். மழை பிந்திப்போய்ப் பாயிண்ட் இறங்கினால் விலையும் இறங்கும்.

அதே 1943-இல் சிகாகோவில் ‘பிட்சேரியா ஊனோ’ திறந்தது. ஆழமான தட்டில் பாலாடைக்கட்டியை அடியில் போட்டுத் தக்காளிச் சாற்றை மேலே ஊற்றி, கத்தியும் முள்கரண்டியும் இல்லாமல் தின்ன முடியாத தடித்த பீட்சாவை அங்கே விற்றார்கள். போர்க்காலத்தில் ஒரு மூலையில் கிழங்கு ஜவ்வரிசியானது, இன்னொரு மூலையில் ரொட்டி கிண்ணமானது. இரண்டுக்கும் அப்போது ஒரு தொடர்பும் இல்லை. பின்னால் வந்தது.

சமவெளியில் தோசைக்கு இப்போதைய மதிப்பு ஒருகாலத்தில் கிடையாது. இல்லை, அப்போதுதான் மதிப்பு மிகுதி. கூழும் களியும் அன்றாடம் குடித்த வீடுகளில் தோசை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே கல்லேறியது. அரிசி விலை ஒரு காரணம், ஆட்டுக்கல் இன்னொரு காரணம். 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர் இரண்டாவது தடையை நீக்கியது. முதல் தடையை நீக்கியது ரேஷன் கடை. 2006-இல் கிலோ இரண்டு ரூபாய், 2008-இல் ஒரு ரூபாய், 2011-இல் விலையில்லா அரிசி. பண்டிகைப் பண்டம் அன்றாடப் பண்டமானது. ஒரு ரூபாய் அரிசியின் அரசியல் பேசுகிறவர்கள், அதனால் எத்தனை வீடுகளில் செவ்வாய்க்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் தோசை வந்தது என்பதைப் பேசுவதில்லை.

பரோட்டாவின் பாதை நேர்மாறு. அது வீட்டுக்குள் பிறக்கவில்லை, கடையில்தான் பிறந்தது. அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் 1950-களின் நடுவிலிருந்து கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. 1965, 1966 வறட்சிகளின்போது வரத்து உச்சம் தொட்டது. நெல்லுக்குத் தட்டுப்பாடு, கோதுமைக்கு வரவு. அரைத்துச் சலித்த மைதா மலிவாகக் கிடைத்ததால், அடிக்கத் தெரிந்த மாஸ்டர் ஒருவரும் ஒரு இரும்புக் கல்லும் இருந்தால் கடை போடலாம் என்ற நிலை வந்தது.

பீட்சாவுக்குப் பல பாணிகள் உண்டு என்று வியப்பவர்கள் ஒருமுறை பரோட்டாவை எண்ணிப் பார்க்கலாம். விருதுநகரில் எண்ணெயில் மூழ்கிப் பொரிந்து நொறுங்குவது எண்ணெய்ப் பரோட்டா. மதுரையில் உப்பிப் பஞ்சாக நிற்பது பன் பரோட்டா. உள்ளங்கைக்குள் அடங்குவது காயின் பரோட்டா. காற்றில் வீசி மெல்லிசாக்கி மடிப்பது வீச்சு. வாழையிலையில் சால்னாவோடு கட்டிச் சுடுவது கிழிப் பரோட்டா. கடலுக்கு அப்பால் ஈழத்துக் கிழக்குக் கரையில் கொத்து ரொட்டி. கள்ளக்குறிச்சி வட்டாரத்துக்குத் தனிப் பாணி என்று ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலை ஊர்களுக்கே உரிய பொதுப் பரோட்டாதான்: பெரியது, அடுக்கு கலைந்தது, இரண்டு சாப்பிட்டால் இரவு ஓடிவிடும். ஆனால் சால்னா இலவசம். பிய்த்துப் போட்டு நடுவில் குழி பண்ணி வைத்தால், வாளியோடு வருகிறவர் கேட்காமலே ஊற்றுவார். பார்சலுக்கும் தனிப் பையில் கட்டித் தருவார்கள். சால்னாவுக்குக் காசு என்று எழுதிப்போட்ட கடை அடுத்த வாரம் வியாபாரம் பார்க்க முடியாது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முட்டை வீச்சுக்கு முட்டைக்கான காசு உண்டு. வெங்காய ஊத்தப்பம் வெறும் ஊத்தப்பத்தைவிட விலை கூடுதல். அதாவது வட்டத்துக்குள் போனால் காசு, பக்கத்தில் ஊற்றினால் இலவசம். எழுதப்படாத இந்தச் சட்டம் களி காலத்திலிருந்து வருவது.

பீட்சாவில் பக்கம் என்று ஒன்று கிடையாது. எல்லாமே வட்டத்துக்குள். நேப்பிள்ஸில் அது பிறந்தபோது ஏழைகளின் தெருச் சாப்பாடு. துண்டு போட்டு, காசுக்கு ஏற்ற அளவில் விற்றார்கள். 1840-களில் அந்த ஊரைப் பற்றி எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்ஸாந்தர் துமா, பீட்சா விலையைப் பார்த்தே அன்றைய சந்தை நிலவரத்தைச் சொல்லிவிடலாம் என்றார். மீன் வரத்து நன்றாக இருந்தால் மீன் பீட்சா மலிவு, இல்லையென்றால் ஏறும். மேலே போடுவதற்கேற்ப விலை ஏறி இறங்குவது அப்போதே அதன் குணம். எட்டு நாள் கழித்துக் காசு கொடுத்தால் போதும் என்ற கடன் முறையும் அங்கே இருந்தது. துமா அதை எட்டு நாள் பழைய பீட்சா என்று புரிந்துகொண்டு எழுதிவைத்தார். டீக்கடைக் கணக்கு நோட்டைப் பார்த்து வளர்ந்த எவரும் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள்.

1889-இல் ரஃபாயெல்லே எஸ்போசித்தோ இத்தாலிய அரசி மார்கெரிட்டாவுக்காகத் தக்காளி, மொசரெல்லா, துளசி இட்டுச் செய்தார் என்பது எங்கும் சொல்லப்படும் கதை. வரலாற்றாசிரியர்கள் அதைச் சந்தேகிக்கிறார்கள். சந்தேகமில்லாத செய்தி, அமெரிக்காவில் அது பல முகம் எடுத்தது. 1905-இல் நியூயார்க்கில் லொம்பார்டி கடை மெல்லிசாக, மடித்துத் தின்னும்படி விற்றது. 1946-இல் டெட்ராய்ட்டில் வாகனத் தொழிற்சாலைகளில் உதிரிப் பாகம் போட்டுவைக்கும் சதுர இரும்புத் தட்டில் சுட்டார்கள். பாலாடைக்கட்டி ஓரத்தில் வழிந்து முறுகியது, அந்த முறுகலே அந்த ஊரின் பெருமையானது. நேப்பிள்ஸ் தன் பங்குக்கு 1984-இல் சங்கம் அமைத்து விதி எழுதியது: விறகு அடுப்பு, 485 டிகிரி வரை சூடு, ஒன்றரை நிமிடத்துக்குள் வெளியே எடுக்க வேண்டும். அந்தச் சமையல் கலையை யுனெஸ்கோ 2017-இல் மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

விதி எழுதுவதற்கு முன்பே மீறுகிறவர்கள் வந்துவிட்டார்கள். கனடாவில் கிரேக்கரான சாம் பனோபுலோஸ் 1962-இல் அன்னாசித் துண்டைத் தூவினார். உலகம் இன்னும் அந்தச் சண்டையிலிருந்து மீளவில்லை. ஸ்வீடனில் வாழைப்பழமும் கறித்தூளும் போடுகிறார்கள். ஜப்பானில் மயோனெய்சும் சோளமும் கணவாயும். பிரேசிலில் பச்சைப் பட்டாணியும் அவித்த முட்டையும். இந்தியாவின் பங்களிப்பு பன்னீர் டிக்கா. அகமதாபாத்தில் பீட்சா ஹட் முழுச் சைவக் கடையே திறந்தது. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. எந்த ஊரிலும் வினோதமானது என்று எதையும் மேலே போடவில்லை. அவரவர் ஊரில் மலிவாகக் கிடைத்ததை, அவரவர் நாக்குக்குப் பழகியதைப் போட்டார்கள். வினோதம் பார்க்கிறவர் கண்ணில்தான்.

தமிழ்நாட்டுக்குப் பீட்சா சங்கிலிக் கடையாக வந்தது 1996-இல். அந்த ஒரே ஆண்டில் டொமினோஸ் டெல்லியிலும், பீட்சா ஹட் பெங்களூரிலும், பீட்சா கார்னர் சென்னையிலும் தொடங்கின. இதில் பீட்சா கார்னர்தான் சென்னைக்காரர்களுக்கு முதல் பழக்கம். பின்னாளில் அது பாப்பா ஜான்ஸ் பெயருக்கு மாறியது. 2017-இல் பாப்பா ஜான்ஸ் இந்தியாவைவிட்டே போய்விட்டது. ஆரம்ப ஆண்டுகளில் பீட்சா பிறந்தநாள் பண்டம், கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் பங்கு போட்டு வாங்கும் பண்டம். தீபாவளித் தோசை இருந்த இடத்தில் அது நின்றது.

விலையை இறக்கியவர்களின் கதை சுவையானது. 2001-இல் அமுல் 20 ரூபாய்க்கு ஒரு பீட்சாவை அறிமுகப்படுத்தியது. பால் கூட்டுறவிடம் பாலாடைக்கட்டி இருக்கிறது, அதை விற்க ஒரு ரொட்டி வேண்டும் என்ற எளிய யோசனை. 2000-களின் இறுதியில் டொமினோஸ் ‘பீட்சா மேனியா’ என்று 35 ரூபாயில் சின்ன வட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரே ஒரு காய், கொஞ்சம் கட்டி, அவ்வளவுதான். மேலே போடுவதைக் குறைத்தால்தான் இந்தப் பண்டத்தின் விலையைக் குறைக்க முடியும். அந்தக் கணக்கைச் சரியாகப் பிடித்தவர்கள் பெருநகரம் தாண்டி மாவட்டத் தலைநகரங்களுக்கும் போனார்கள். 2024-இல் இந்தியாவில் டொமினோஸ் கடைகள் 2,000-ஐத் தாண்டின.

எழுதப்படாத அந்தச் சட்டம் எங்கே இடித்தது? இலவசத்தில்தான். ஒரு ‘எக்ஸ்ட்ரா சீஸ்’ கேட்டால் அதற்கொரு விலை, ஒரு கைப்பிடி ஆலிவ் கேட்டால் அதற்கொரு விலை. சால்னா வாளி பழகிய கைக்கு இது புதிது. அந்த இடைவெளியை நிரப்பியவை ஓரிகானோ, மிளகாய்த் துகள், தக்காளிச் சாஸ் பொட்டலங்கள். கேட்டால் கேட்ட அளவு தருவார்கள். பல வீட்டு அலமாரிகளில் அந்தப் பொட்டலங்கள் சேர்ந்துகிடப்பதன் காரணம் ஓரிகானோ மேல் பிரியமல்ல. இலவசமாகக் கிடைக்கும் ஒரே தொடுகறி அதுதான்.

மணிகண்டன் இயக்கிய ‘காக்கா முட்டை’ 2015-இல் திரைக்கு வந்தது. சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவர்கள் இருவர் 299 ரூபாய் பீட்சாவுக்காகக் காசு சேர்க்கும் கதை. சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது பெற்றது. அதில் பாட்டி விளம்பரத்தாளைப் பார்த்துத் தோசை மாவில் காய்களைத் தூவி ஒரு பீட்சா சுட்டுத் தருகிறாள். நூல் நூலாக இழுபடவில்லை என்று பேரன்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். கடைசியில் உண்மையான பீட்சாவைத் தின்றுபார்த்த பிறகு, பாட்டி சுட்டதே மேல் என்கிறார்கள். படம் வர்க்கத்தைப் பற்றியது என்று பலர் எழுதினார்கள், சரிதான். ஆனால் அந்த 299 என்ற எண் இல்லாமல் அந்தக் கதையே இல்லை.

சிறுநகரங்கள் இதற்கிடையே தங்கள் பீட்சாவைத் தாங்களே செய்துகொண்டன. பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் பஃப்ஸுக்கும் ஜாம் ரோலுக்கும் பக்கத்தில் அது உட்கார்ந்தது. அடியில் பன் மாதிரி தடித்த ரொட்டி, மேலே இனிப்புத் தக்காளிச் சாஸ், துருவிய கேரட், குடைமிளகாய், வெங்காயம், பெயருக்குக் கொஞ்சம் கட்டி. சூடாக்கித் தாருங்கள் என்றால் மைக்ரோவேவில் வைத்துத் தருவார்கள். இத்தாலியர் பார்த்தால் கண்ணீர் விடுவார். ஆனால் பிரேசில்காரர் பட்டாணி போட்டதுபோல் இதுவும் ஒரு பாணி. அதற்கு விதி எழுத ஒரு சங்கம் இல்லை, அவ்வளவுதான். நியாயமாகச் சொன்னால், அது பீட்சாவைவிடக் காய் பன்னுக்கு நெருங்கிய உறவு.

பெரிய கடையில் வாங்குகிறவருக்கு ஒரு பள்ளிக்கூடக் கணக்கு உதவும். 7 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 38 சதுர அங்குலம், 10 அங்குல வட்டத்தின் பரப்பு 78. மூன்றே அங்குலம் கூடுதல், பண்டம் இரண்டு மடங்கு. பெரியதன் விலை சின்னதன் விலையைப்போல் இரண்டு மடங்குக்குக் கீழே இருந்தால் பெரியதே லாபம். இன்னொன்று, சுற்றிலும் அரை அங்குலம் வெறும் ஓரம் என்று வைத்துக்கொண்டால், சின்னதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வெறும் ரொட்டி. பெரியதில் ஐந்தில் ஒரு பங்கு கூட வராது. மேலே போட்டதற்குத்தானே காசு கொடுக்கிறோம்? பரோட்டாவில் இந்தத் தொல்லை இல்லை. எண்ணிக்கைதான் கணக்கு.

மேலே போட்டது என்ன என்பதிலும் ஒரு வழக்கு நடந்தது. ‘மொசரெல்லா டாப்பிங்’ என்று விற்கப்பட்ட ஒரு பொருளைப் பாலாடைக்கட்டியாகக் கொள்ள வேண்டும் என்று ஒரு வணிக நிறுவனம் ஹரியானாவில் கேட்டது. அதில் தாவரக் கொழுப்பு கலந்திருக்கிறது, அது கட்டியே அல்ல, 18 சதவீத வரி என்று 2023-இல் மேல்முறையீட்டு ஆணையம் சொன்னது. இப்படிப்பட்ட கட்டிப் போலிகளில் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெயும், இறுகி நிற்கவும் இழுபடவும் ஸ்டார்ச்சும் சேர்ப்பது உலகெங்கும் நடப்பது. உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சும் உண்டு, மக்காச்சோள ஸ்டார்ச்சும் உண்டு, மரவள்ளி ஸ்டார்ச்சும் உண்டு. காக்கா முட்டைச் சிறுவர்கள் தேடிய அந்த நூல் பாலிலிருந்து மட்டும் வர வேண்டும் என்பதில்லை. பீட்சா வரும் அட்டைப்பெட்டியின் மடிப்புகளை ஒட்டும் பசைக்கும் ஸ்டார்ச்சே மூலப்பொருள். மலையடிவாரத்தில் பாயிண்ட் பார்த்து விலைபேசப்படும் கிழங்குக்கு இப்படியும் சில வழிகள் திறந்திருக்கின்றன.

சாமையும் இப்போது திரும்பி வந்திருக்கிறது. ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, பெருநகரக் கடைகளில் சிறுதானிய பீட்சா அடித்தட்டு தனி அலமாரியில் ஏறியது, மைதா தட்டைவிடக் கூடுதல் விலையில். மலையில் உமி நீக்க ஆளில்லாமல் கைவிடப்பட்ட தானியத்துக்கு இது நல்ல காலம்தான், இடைத்தரகர் எடுத்தது போக மிச்சம் மலைக்கு வந்து சேருமானால். ஆனால் சாமையில் குளூட்டன் கிடையாது. தனியே பிசைந்தால் இழுபடாது, உப்பாது, வெடித்துவிடும். அதனால் பெரும்பாலான தட்டுகளில் கோதுமையையோ மைதாவையோ கலக்கிறார்கள். எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கு முன்பக்கத்துப் படத்தை நம்ப வேண்டாம். பாக்கெட்டைத் திருப்பினால் சேர்மானப் பட்டியல் இருக்கும், எடையில் அதிகமுள்ள பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது உணவுச் சட்டம். சாமை அந்தப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு விலையைப் பார்க்கலாம்.